மலையேறாத எட்டு எழுத்து

ஜவ்வாது மலைக்கு உலகம் ஓர் எண் கொடுத்திருக்கிறது: 220. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் எண் அது. சிறுகோள்களைப் பார்த்துப் பதிந்து அனுப்பும் இடம் ஒவ்வொன்றுக்கும் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் சிறுகோள் மையம் இப்படி ஓர் எண் வைத்திருக்கிறது. 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் இங்கிருந்து கண்டுபிடித்து, பிறகு ராமானுஜன் என்று பெயர் பெற்ற 4130ஆம் சிறுகோளின் பதிவில் காவலூருக்கு எப்படி வழி என்று யாரும் எழுத வேண்டியதில்லை. 220 என்றால் அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவருக்கும் எந்த மலை என்று தெரிந்துவிடும்.

வங்கிகளின் உலகத்தில் இந்த மலைக்கு அப்படி ஒரு முகவரி இல்லை. மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் கணக்கு வைத்திருக்கும் ஒருவரிடம், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பப் போகிறவர் “உங்க பிராஞ்ச் ஸ்விஃப்ட் கோடு என்ன?” என்று கேட்டால், அவர் பாஸ்புக்கைப் புரட்டுவார். முதல் பக்கத்தில் கணக்கு எண் இருக்கும், ஐ.எஃப்.எஸ்.சி. இருக்கும், ஒன்பது இலக்க எம்.ஐ.சி.ஆர். எண்ணும் இருக்கலாம். கேட்ட குறியீடு இருக்காது. அச்சிட மறந்ததால் அல்ல; அந்தக் கிளைக்கு அப்படி ஒன்று கொடுக்கப்படவே இல்லை. சிறு கிளைகளுக்குத் தனியாக ஸ்விஃப்ட் கோடு வாங்குவது வங்கிகளின் வழக்கமில்லை. பிறகு எப்படிப் பணம் மலைக்கு வருகிறது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஸ்விஃப்ட் கோடு என்று பேச்சில் சொல்வதன் முறையான பெயர் பி.ஐ.சி.; வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு. ஐ.எஸ்.ஓ. 9362 என்ற சர்வதேசத் தரத்தின்படி அமைந்தது, அந்தத் தரம் முதலில் வெளியானது 1987இல். எட்டு எழுத்து இருக்கும், அல்லது பதினொன்று; ஒன்பதும் பத்தும் கிடையாது. முதல் நான்கு வங்கியைச் சொல்லும். ஐந்தாவதும் ஆறாவதும் நாட்டைச் சொல்லும்: இந்தியாவுக்கு ஐ.என்., இலங்கைக்கு எல்.கே., சிங்கப்பூருக்கு எஸ்.ஜி. அடுத்த இரண்டு இடத்தைக் குறிப்பதாக ஏற்பட்டவை. கடைசி மூன்று கிளைக்கானவை. அவற்றை விட்டுவிட்டாலும், எக்ஸ் என்ற எழுத்தை மூன்று முறை போட்டாலும், தலைமையிடம் என்றே பொருள்.

இந்தியன் வங்கியின் எட்டு எழுத்து ஐ.டி.ஐ.பி.ஐ.என்.பி.பி. பாரத ஸ்டேட் வங்கிக்கு எஸ்.பி.ஐ.என்.ஐ.என்.பி.பி. இந்த இரண்டாவதில் ஐ.என். இரண்டு முறை வருகிறது: முதலாவது வங்கியின் பெயரைச் சேர்ந்தது, அடுத்தது நாட்டைச் சேர்ந்தது. ஒருமுறை தவறுதலாக அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து ஒன்றை வெட்டினால் ஆறு எழுத்துத்தான் மிஞ்சும், எந்த இயந்திரமும் வாங்கிக்கொள்ளாது. கடைசியில் வரும் பி.பி. பம்பாய். 1907இல் சென்னையில் பிறந்து இன்றும் சென்னையிலேயே தலைமையகம் வைத்திருக்கும் வங்கியின் குறியீட்டில் பம்பாய்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்திய வங்கிகளில் பெரும்பாலானவற்றின் குறியீட்டில் அதே இரண்டு எழுத்துகள்தான் இருக்கின்றன. 2014இல் தரத்தைத் திருத்தியபோது, இந்த எழுத்துகளை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம் என்பது போலவே விதி எழுதிவிட்டார்கள். நாட்டு எழுத்துகளை மட்டும் நம்பலாம். மற்றதெல்லாம் வெறும் பெயர்ப்பலகை.

ஐ.எஃப்.எஸ்.சி. வேறு சாதி. ரிசர்வ் வங்கி உள்நாட்டுப் பணமாற்றத்துக்காக ஒவ்வொரு கிளைக்கும் கொடுத்தது. இதற்கும் பதினொரு எழுத்து. இதற்கும் முதல் நான்கு வங்கியின் பெயர். பல வங்கிகளில் பி.ஐ.சி.யின் முதல் நான்கும் இதன் முதல் நான்கும் ஒன்றே. ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம், பிறகு ஆறு இலக்கமோ எழுத்தோ கிளையைக் காட்டும். ஒரே நீளம், ஒரே தொடக்கம். இப்படி இரண்டை உருவாக்கி, ஒன்றை மட்டும் பாஸ்புக்கில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, ஜனங்கள் குழப்பிக்கொள்கிறார்கள் என்று வங்கிகள் அலுத்துக்கொள்வதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை.

மாற்றி எழுதினால் என்ன ஆகும்? பி.ஐ.சி. கட்டத்தில் ஐ.எஃப்.எஸ்.சி.யை எழுதினால், ஐந்தாம் இடத்தில் நாட்டின் முதல் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் நிற்கும். பூஜ்யத்தில் தொடங்கும் நாடு எதுவும் இல்லாததால் கணினி உடனே திருப்பிவிடும். அந்தப் பூஜ்யத்தை ஆங்கில ‘ஓ’ என்று வாசித்துக் கையால் எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. அப்போது சிக்கல் இன்னொரு சுற்றுப் போகும். உள்நாட்டுக் குறியீடு இந்தியாவுக்கு மட்டும் சொந்தமான ஏற்பாடும் அல்ல. பிரிட்டனில் ஆறு இலக்க சார்ட் கோடு, அமெரிக்காவில் ஒன்பது இலக்க ரூட்டிங் எண், ஆஸ்திரேலியாவில் ஆறு இலக்க பி.எஸ்.பி., கனடாவில் ஐந்து இலக்கக் கிளை எண்ணும் மூன்று இலக்க நிறுவன எண்ணும். எல்லாமே ஐ.எஃப்.எஸ்.சி.யின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். தம் நாட்டு எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகிறவை.

ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் மூன்றாவதாக இன்னொன்றையும் கேட்பார்கள்: ஐபான். நாடு, வங்கி, கணக்கு எண் மூன்றையும் ஒரே சரமாகக் கோத்த எண், நாட்டுக்கு நாடு நீளம் மாறும், 34க்கு மேல் போகாது. அமீரகத்தில் 23. அதன் நாட்டு எழுத்துகளுக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் தணிக்கை இலக்கங்கள். ஓர் இலக்கம் தவறாக அடித்தால் கணக்குப் போட்டுப் பார்த்துக் கணினி அங்கேயே பிடித்துவிடும். இந்தியா ஐபான் முறையில் சேரவில்லை. அந்தக் கட்டத்தில் நாம் எழுத ஒன்றுமில்லை, கணக்கு எண்ணைத்தான் தர வேண்டும். நம் கணக்கு எண்ணுக்கு ஐபானைப் போல நாடு தாண்டிச் செல்லுபடியாகும் காவல் எதுவும் கிடையாது.

இனி மலைக்கு வருவோம். காவலூரில் 1972இல் நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கி, அன்றைய கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்தில் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்தது. இன்று அதே யேனாவில் படிக்கும் ஜவ்வாது மலைப் பெண் ஒருத்தி, ஜமுனாமரத்தூரில் கணக்கு வைத்திருக்கும் அம்மாவுக்கு 500 யூரோ அனுப்புகிறாள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவள் பி.ஐ.சி. கட்டத்தில் எழுத வேண்டியது மலைக்கிளையைப் பற்றிய எதையும் அல்ல. அம்மாவின் வங்கி தன் அந்நியச் செலாவணி வேலைகளுக்காகச் சென்னையிலோ மும்பையிலோ வைத்திருக்கும் மையத்தின் பி.ஐ.சி.யை, அல்லது தலைமையிடத்தின் எட்டு எழுத்தை. எல்லாக் கிளையும் அந்நியச் செலாவணியைக் கையாள முடியாது. அதற்கென்று குறிக்கப்பட்ட கிளைகள்தான் கையாளும், மற்றவை அவற்றோடு இணைந்திருக்கும். ஜமுனாமரத்தூர் மேனேஜரிடம் கேட்டால் இணைந்திருக்கும் கிளை எது என்று சொல்லிவிடுவார். அதன் பி.ஐ.சி., அம்மாவின் கணக்கு எண், அம்மாவின் பெயர் என்ற மூன்றும் போதும். தகவல் பகுதியில் மலைக்கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி.யையும் கிளைப் பெயரையும் சேர்த்தால் இன்னும் நல்லது. பஸ் பயணம் போலத்தான்: வெளிநாட்டிலிருந்து வரும் பஸ் மலைக்குக் கீழே போளூரோடு நின்றுவிடும். மலைக்கு மேலே இங்கத்து வண்டி மாறித்தான் போக வேண்டும். பி.ஐ.சி. போளூர் வரைக்குமான டிக்கெட்.

வண்டி மாறுவது முன்பெல்லாம் நாள்கணக்கில் எடுக்கும். இப்போது ஒரு வங்கியின் கணக்குகள் எல்லாம் ஒரே மையக் கணினியில் இருப்பதால், மலைக்கிளைக் கணக்கும் சென்னைக் கணக்கும் பக்கத்துப் பக்கத்து வரிகள். கடைசிக் கட்டம் வேறொரு வங்கிக்குப் போவதாக இருந்தாலும் என்.இ.எஃப்.டி. 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல் ஓடுகிறது, ஆர்.டி.ஜி.எஸ். ஒரு வருஷம் கழித்து அதே நிலைக்கு வந்தது.

இதில் பலர் தடுமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்விஃப்ட் பணத்தைத் தொடுவதே இல்லை. 1973இல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் ஆரம்பித்த கூட்டுறவு நிறுவனம் அது. 1977இல் வேலை தொடங்கியது. அதற்கு முன் வங்கிகள் டெலெக்ஸில் வாக்கியம் வாக்கியமாக எழுதி, சோதனைக் குறியை மேலே போட்டு, எதிர்முனையில் ஒருவர் அதைக் கணக்கிட்டுச் சரிபார்த்த பிறகே பணம் கொடுத்தன. ஸ்விஃப்ட் அந்தச் செய்தியை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது. இன்று 200க்கு மேற்பட்ட நாடுகளில் 11,000க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் செய்தி அனுப்புகின்றன. செய்தி மட்டும்தான். இன்னாருக்கு இவ்வளவு கொடு என்ற உத்தரவு.

பணம் நகர்வது ஏடுகளில். அம்மாவின் வங்கி ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏதோ ஒரு வங்கியில் யூரோ கணக்கு வைத்திருக்கும். நியூயார்க்கில் டாலர் கணக்கு. நோஸ்ட்ரோ கணக்கு என்பார்கள். யேனாவில் மகளின் வங்கி அந்த ஃபிராங்க்ஃபர்ட் வங்கிக்கு யூரோவைச் சேர்க்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் வங்கி தன் ஏட்டில் நம் வங்கியின் பெயருக்கு 500 வரவு வைத்துவிட்டுச் செய்தி அனுப்புகிறது. நம் வங்கி இங்கே அம்மாவின் கணக்கில் அன்றைய விலையில் ரூபாயை எழுதுகிறது. யூரோத் தாள் ஒன்றும் கடல் தாண்டுவதில்லை. இதைக் கேட்டுப் பெரிதாக ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ரங்கூனில் ஒரு கடையில் பணத்தைக் கட்டிவிட்டு, அங்கே எழுதிக் கொடுத்த உண்டியைக் காரைக்குடியில் காட்டிப் பணம் வாங்கிய நகரத்தார் வழக்கமும் இரண்டு ஏடுகளுக்கு நடுவே நடந்த கணக்குத்தான். 1937இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று இடத்திலும் திறந்தது அந்தப் பாதை எங்கே ஓடியது என்பதைக் காட்டுகிறது.

ஏடுகள் அதிகமானால் கழிவும் அதிகம். நேரடித் தொடர்பு இல்லாத இரண்டு வங்கிகளுக்கு நடுவே மூன்றாவது ஒன்று நுழையும், சில சமயம் நான்காவதும். ஒவ்வொன்றும் தன் கூலியை எடுத்துக்கொள்ளும். யார் தலையில் கூலி விழும் என்பதை அனுப்புகிறவர் படிவத்தில் மூன்று எழுத்தில் குறிப்பிடுகிறார்: ஓ.யு.ஆர். என்றால் முழுவதும் அனுப்புகிறவர் தலையில், எஸ்.எச்.ஏ. என்றால் அங்கே ஆவது அவருக்கு, வழியிலும் இங்கேயும் ஆவது வாங்குகிறவருக்கு, பி.இ.என். என்றால் எல்லாமே வாங்குகிறவர் தலையில். 500 அனுப்பினேன், 480தான் வந்திருக்கிறது, மேனேஜர் எடுத்துக்கொண்டார் என்று கிளம்பும் சண்டைகளில் பாதி இந்த மூன்று எழுத்தைக் கவனிக்காததால் வருவது. மலைக்கிளை மேனேஜருக்கு அந்த இருபதைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. இங்கே வந்த பிறகு ரூபாயாக மாற்றுவதற்கு டி.டி. (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) வாங்கும் விலை என்று வங்கி அன்றாடம் அறிவிக்கும் விலை ஒன்று உண்டு. செய்தித்தாளில் பார்க்கும் விலையைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். மாற்றியதற்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு, எவ்வளவு சிறிய தொகையானாலும் குறைந்தது 45 ரூபாய். நூறு யூரோவாக ஐந்து தடவை அனுப்புவதைவிட ஐந்நூறாக ஒரு தடவை அனுப்புவது ஏன் லாபம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

குறியீட்டில் தப்பு வந்தால் இயந்திரம் பிடிக்கும். பெயரில் தப்பு வந்தால் மனிதர்கள் பிடிப்பார்கள், அதுதான் தாமதம். தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. பாஸ்புக்கில் ‘கே. பச்சையம்மாள்’ என்று இருக்கும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். யேனா வங்கியின் படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டையும் நிரப்பாமல் மேலே போக விடாது. மகள் அங்கே அம்மாவின் அப்பா பெயரை முழுதாக எழுதுவாள், அல்லது அம்மாவின் கணவர் பெயரை. இங்கே வந்து சேரும்போது அது ‘பச்சையம்மாள் குப்பன்’ ஆகியிருக்கும். உள்நாட்டு என்.இ.எஃப்.டி.யில் ரிசர்வ் வங்கி கணக்கு எண்ணை மட்டுமே பார்த்து வரவு வைக்கலாம் என்று அனுமதித்திருக்கிறது. அதனால்தான் எண் தவறினால் வேறு யாருக்கோ போய்விடுகிறது, அதைத் தடுக்கப் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வருவதில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வரவு வைக்க முடியாது. பெயரைத் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும், கணக்கில் உள்ள பெயரோடும் ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் கேள்வி எழுதி அனுப்பி, பதில் வரும்வரை வைத்திருப்பார்கள்.

பழைய ஸ்விஃப்ட் செய்தி வடிவமான எம்.டி. 103இல் வாங்குகிறவரின் பெயருக்கும் முகவரிக்கும் சேர்த்து நான்கு வரி, வரிக்கு 35 எழுத்து. ஆங்கில எழுத்து மட்டும். ஜமுனாமரத்தூர் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலே பதினான்கு, பதினைந்து போய்விடும். அதற்கு மேல் குக்கிராமத்தின் பெயர், ஊராட்சி, வழி போளூர், மாவட்டம். நம் கிராமத்து முகவரிகள் வழி சொல்லும் முகவரிகள். அவற்றை இந்தப் பெட்டிக்குள் அடைத்தால் வால் வெட்டுப்படும். 2023 மார்ச்சில் தொடங்கி 2025 நவம்பரில் முடிந்த மாற்றத்தில் ஸ்விஃப்ட் செய்திகள் ஐ.எஸ்.ஓ. 20022 என்ற விரிந்த வடிவத்துக்கு வந்துவிட்டன. இடம் தாராளம். ஆனால் ஒழுங்கு கண்டிப்பு: 2026 நவம்பருக்குப் பிறகு முகவரியை ஒரே கொத்தாக எழுத முடியாது, ஊர்ப்பெயரும் நாட்டின் எழுத்துகளும் அவற்றுக்கென்று உள்ள தனி இடத்தில் இருந்தே ஆக வேண்டும். மலைமேல் இருக்கும் குக்கிராமத்துக்காரருக்கு ‘ஊர்’ எது? பாஸ்புக்கில் எந்த ஊர் அச்சாகியிருக்கிறதோ அது. எழுத்துக்கூட்டலும் அதில் இருப்பதுதான். சரியா தவறா என்ற ஆராய்ச்சி வேண்டாம். பாஸ்புக் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுவதே உத்தமம்.

பணம் எதற்காக என்பதையும் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. குடும்பச் செலவுக்கு வெளிநாடு வாழ் இந்தியர் அனுப்புவது பி1301. ஏற்றுமதிக்கு முன்பணம் பி0103. ஜவ்வாது மலைச் சாமையையோ தேனையோ ஒருவர் வெளிநாட்டுக்கு விற்றால், வரும் பணம் பி1301 என்று பதிவாகிவிடக் கூடாது. அப்படிப் பதிவானால் ஏற்றுமதிக் கணக்கில் சரக்கு போனது மட்டும் இருக்கும், பணம் வந்தது இருக்காது. மலைக்குக் கீழே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் ஏற்றுமதி நிறுவனங்களில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தூக்கத்திலும் தெரியும். மேலே அது இன்னும் பழக வேண்டிய வித்தை.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். “எங்கிட்ட யாரும் ஸ்விஃப்ட் கோடு கேட்டதே இல்லையே, ஐ.எஃப்.எஸ்.சி.தானே கேட்டாங்க” என்பார்கள். உண்மை. துபாயிலோ மஸ்கட்டிலோ உள்ள பணமாற்று நிறுவனம் இந்திய வங்கி ஒன்றில் முன்கூட்டியே ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும்; அங்கே பணத்தைக் கட்டியதும் அந்த ரூபாயிலிருந்து உள்நாட்டு மாற்றமாகவே பணம் கிளம்பும். ரூபாய் டிராயிங் ஏற்பாடு என்று ரிசர்வ் வங்கி விதிகளில் அதற்குப் பெயர். போளூரில் தொடங்கும் பயணத்துக்குப் போளூர் டிக்கெட் தேவையில்லை, அவ்வளவுதான். ரிசர்வ் வங்கி 2023-24ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில் இந்தியாவுக்கு வரும் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு, நாட்டுக்கு அப்படிப் பணம் வரும் வழிகளில் இந்த டிராயிங் ஏற்பாடுதான் முதலிடம். பி.ஐ.சி. இல்லாத வேறு வழிகளும் உண்டு. வெஸ்டர்ன் யூனியன் போன்றவற்றில் பத்து இலக்க எண்ணும் அடையாள அட்டையும் போதும், ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரை, ஒருவருக்கு ஆண்டுக்கு 30 தடவை, ரொக்கமாக 50,000 ரூபாய்க்கு மேல் தர மாட்டார்கள். சிங்கப்பூரின் பேநவ்வும் நம் யு.பி.ஐ.யும் 2023 பிப்ரவரி 21இல் இணைந்தன. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே அதில் இருந்தன. அங்கிருந்து யு.பி.ஐ. முகவரியை அடித்தால் இங்கே வரவு. சிறு தொகைகளுக்கு இனி இதுதான் வழியாகும் என்று நினைக்கிறேன், பி.ஐ.சி. பெரிய தொகைகளுக்கும் வியாபாரத்துக்கும் ஒதுங்கும்.

தொண்டு நிறுவனங்களின் கதை வேறு. ஜவ்வாது மலையில் பள்ளி, விடுதி, மருத்துவம் என்று வேலை செய்யும் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றுக்கு வெளிநாட்டு நன்கொடை வந்தால், அது எந்த மலைக்கிளைக்கும் எந்தச் சென்னை மையத்துக்கும் வர முடியாது. 2020 செப்டம்பரில் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, நாடு முழுவதும் உள்ள எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசல்: டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளை. அதன் பி.ஐ.சி. எஸ்.பி.ஐ.என்.ஐ.என்.பி.பி. 104. கடைசி மூன்று இலக்கம் உண்மையாகவே வேலை செய்யும் இடம் இது; 104ஐ விட்டுவிட்டு எட்டு எழுத்தோடு நிறுத்தினால் செய்தி அந்தக் கிளையைக் குறிக்காது. அங்கே வரவான பிறகு உள்ளூரில் இதற்கென்று திறந்த கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அதே திருத்தம், நன்கொடை வாங்கிய பெரிய நிறுவனம் அதைச் சிறிய நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் நிறுத்திவிட்டது. மலையடிவாரத்துச் சிறு அமைப்புகளுக்கு டெல்லிக் கணக்கைவிட அதுதான் பெரிய அடி. உறவினர்கள் அனுப்பும் பணம் இந்தக் கட்டுக்குள் வராது. அதிலும் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டாம் என்று 2022 ஜூலையில் தளர்த்தினார்கள்.

பி.ஐ.சி.யைச் சொன்னால் யாராவது பணத்தை எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கி வாசலில் எழுதிப் போட வேண்டிய விஷயம் அது, ரகசியம் ஒன்றுமில்லை. கணக்கு எண்ணோடு சேர்த்துக் கொடுத்தாலும் பணம் உள்ளேதான் வரும். ஆபத்து நடப்பது வங்கியின் உள்ளே, செய்தி அனுப்பும் கணினியில். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்தவர்கள் அதன் பெயரிலேயே நியூயார்க்குக்கு உத்தரவு அனுப்பி, கிட்டத்தட்ட 95 கோடி டாலருக்குக் குறிவைத்தார்கள். பிலிப்பைன்ஸுக்கு 8.1 கோடி போய்விட்டது. இலங்கைக்கு வர இருந்த 2 கோடி, வாங்குகிற அமைப்பின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்பதைத் தப்பாக எழுதியிருந்ததால் வழியில் ஒரு வங்கிக்குச் சந்தேகம் வந்து நின்றது. பெயர்ப் பொருத்தம் பார்க்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டு கழித்து இது போன்றது கும்பகோணத்திலேயே நடந்தது. 1904இல் அங்கே தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் பெயரில் மூன்று போலி ஸ்விஃப்ட் உத்தரவுகள் வெளியே போயின. சுமார் 20 லட்சம் டாலர், அதில் ஒரு பகுதியை உடனே தடுத்து மீட்டார்கள். அதே மாதம் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை மோசடி விவகாரம் வெடித்தது. அங்கே ஸ்விஃப்ட் கணினியும் வங்கியின் கணக்குக் கணினியும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன. செய்தி போனது, ஏட்டில் எழுதப்படவில்லை. இரண்டையும் இணைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி கெடு வைத்தது அதற்குப் பிறகு.

வாங்குகிறவரும் விற்கிறவரும் கவனிக்க வேண்டிய ஏமாற்று ஒன்றுதான், அது மின்னஞ்சலில் வரும். சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பெயரிலேயே, எங்கள் வங்கி மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று கடிதம் வரும். அதில் உள்ள பி.ஐ.சி.யின் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகளைப் பாருங்கள். இந்திய நிறுவனத்தின் குறியீட்டில் ஐ.என். இல்லாமல் வேறு நாட்டு எழுத்துகள் இருந்தால், அனுப்புவதற்கு முன் ஒரு போன் போடுவது நல்லது, அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்லாமல் பழைய எண்ணுக்கு. வங்கி உண்மையாகவே மாறுவதும் நடக்கும். 2020 ஏப்ரல் 1இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. 2021 ஜூலையில் சிண்டிகேட்டின் பி.ஐ.சி. செயலிழந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் மொபைலில் ஐந்து வருஷத்துக்கு முன் சேமித்து வைத்த விவரத்தை அப்படியே தொட்டு அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

பணம் வரவில்லை என்றால் மலைக்கிளையில் போய் நின்று எப்போது வரும் என்று கேட்பதில் பயனில்லை. அங்கே அதைப் பார்க்கத் திரையே இருக்காது. அனுப்பியவரிடம் செய்தியின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் யு.இ.டி.ஆர். என்று, நடுவில் வரும் கோடுகளையும் சேர்த்து 36 எழுத்துக் கொண்ட ஓர் எண் இருக்கும். கிளம்பிய இடத்திலிருந்து கணக்கில் விழும்வரை எத்தனை வங்கி மாறினாலும் அது மாறாது. அந்த எண்ணை மேனேஜரிடம் கொடுத்தால் அவர் செலாவணி மையத்துக்கு அனுப்புவார். பணம் ஃபிராங்க்ஃபர்ட்டில் நிற்கிறதா, சென்னையில் பெயர் பொருந்தாமல் நிற்கிறதா, எதற்கான பணம் என்று எழுதித் தராததால் நிற்கிறதா என்பதை மையத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்வார். பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் காரணமாக இருக்கும்.